கோஹினூர் பங்களாவில் ஒரு சிங்கம்

கொடைக்கானல் போகிறேன் என்று ஆபீஸில் லீவ் லெட்டர் நீட்டினால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "யாரோட?" என்பதுதான். "தனியா" என்று சொல்லிப் பாருங்கள். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன் சார், வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்பார்கள்.

வீட்டில் பிரச்னை ஒன்றுமில்லை. நான் போனது ஒரு ஆளைத் தேடி. ஆள் 1982-லேயே காலமாகிவிட்டார். கொடைக்கானலில் அவர் தங்கியிருந்தது 1965-லிருந்து 1967 வரை. வாடகைக் கவலை கிடையாது. வாசலில் போலீஸ் காவல். செலவெல்லாம் சர்க்கார் கணக்கு. ரூமைக் காலி செய்யத்தான் அனுமதி இல்லை!

பெயர் ஷேக் அப்துல்லா. 'காஷ்மீர் சிங்கம்' என்று பட்டம். இமயமலைச் சிங்கத்தைக் கொண்டுவந்து பழனி மலையில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த பங்களாவின் பெயர் கோஹினூர்.

இந்தக் கதையைச் சொல்வதற்கு முன் மலை ஏற வேண்டும். ஏறுவோம்.

*

மலை அடிவாரத்தில் வத்தலக்குண்டு. பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். டிரைவர் டீ குடிப்பார். நாம் வடை சாப்பிடலாம். கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால், சாப்பிடாமலும் இருக்கலாம்.

சுப்பிரமணிய சிவா 1884-ல் பிறந்தது இந்த ஊரில்தான். தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு மேடையேறிப் பேசிய பேச்சுக்காக 1908-ல் அவர் மேல் ராஜதுரோக வழக்கு போட்டார்கள். திருநெல்வேலி ஜட்ஜ் பின்ஹே துரை சிவாவுக்குப் பத்து வருஷம், வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் என்று தீட்டிவிட்டார். அநியாயமான தீர்ப்பு. ஜெயிலில் சிவாவுக்குத் தொழுநோய் வந்ததும், செக்கிழுத்து வ.உ.சி. தேய்ந்ததும் நமக்குத் தெரிந்த சோகம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இன்ன குற்றம் என்று எழுதிச் சொன்னார்கள். சாட்சிகள் வந்தார்கள். வக்கீல் எழுந்து எதிர்த்துப் பேசினார். அப்பீல் போனார்கள், தண்டனையும் குறைந்தது. வெள்ளைக்கார ராஜாங்கத்தின் எதிரிக்கே இவ்வளவும் நடந்தது.

இதை ஒரு ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஸ்வெட்டர் மாதிரி. மேலே போனதும் தேவைப்படும்.

*

பெருமாள்மலையில் பழனி ரோடு வந்து சேருகிறது. அதைத் தாண்டி வெள்ளி அருவி, அங்கே சோளக்கதிர், குரங்கு, செல்ஃபி. அப்புறம் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு டாக்ஸி தம்பி வந்து என் பையை வாங்கிக்கொண்டார். அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் சீசனில் கிடையாது.

"பன்னெண்டு எடம் சார். கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக், பைன் ஃபாரஸ்ட், சூசைட் பாயிண்ட், குணா குகை..."

"கோஹினூர் பங்களா?"

"அது எந்த ஓட்டல் சார்?"

"ஓட்டல் இல்ல தம்பி. காஷ்மீர் தலைவர் ஒருத்தரை அடைச்சு வச்சிருந்த வீடு."

தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 1991-ல் வந்த 'குணா' பட ஷூட்டிங் நடந்த குகை அவருக்குத் தெரியும். 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு அங்கே எவ்வளவு கூட்டம் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். குகைக்குள் விழுந்த நண்பனை மேலே தூக்கிய கதை அது. விழாமலே உள்ளே இருந்த ஒருவரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. அவர் என்ன செய்வார், பாவம்.

"ஏரிப்பக்கம் விடுங்க, நடந்துக்கறேன்" என்றேன்.

அந்த வீட்டுக்குள் போய் நாற்காலியைத் தொட்டுப் பார்க்கிற ஆசையெல்லாம் எனக்கில்லை. அவர் பார்த்த பனியைப் பார்த்தால் போதும். பனிக்கு டிக்கெட் இல்லை. மதியம் மூன்று மணிக்கே ஏரியின் அந்தக் கரை காணாமல் போயிருந்தது. நட்சத்திர வடிவில் அமைந்த ஏரி. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உண்டாக்கியது. கொடைக்கானலே வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஓடிவந்து கட்டிய ஊர்தான். 1845-ல் அமெரிக்கப் பாதிரிகள் முதலில் பங்களா கட்டினார்கள். அன்றிலிருந்து இங்கே வந்தவர்கள் எல்லோரும் இஷ்டப்பட்டு வந்தவர்கள், லீவ் முடிந்தால் இறங்கிப் போனவர்கள். நம் விருந்தாளி மட்டும் விதிவிலக்கு.

*

யார் இந்த விருந்தாளி? ராஜாவை எதிர்த்து அரசியலுக்கு வந்த மனிதர்.

காஷ்மீர் ராஜ்யம் உண்டான கதை விசித்திரமானது. 1846-ல் அமிர்தசரஸ் உடன்படிக்கை என்று ஒன்றைப் போட்டு, 75 லட்சம் நானக்‌ஷாஹி ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனி காஷ்மீரை குலாப் சிங்குக்குக் கொடுத்துவிட்டது. நிலம், மலை, ஆறு, அதில் இருந்த ஜனங்கள் எல்லாம் சேர்த்து ஒரே பத்திரம். நாம் தாம்பரத்தில் அரை கிரவுண்டு வாங்குவதற்கே முப்பது வருஷத்து வில்லங்கம் பார்க்கிறோம்!

நூறு வருஷம் கழித்து 1946-ல் ஷேக் அப்துல்லா எழுந்து, 'இந்த விற்பனை செல்லாது, மகாராஜா வெளியேற வேண்டும்' என்றார். அதற்கு முன்பே, 1944-ல், அவருடைய தேசிய மாநாட்டுக் கட்சி 'நயா காஷ்மீர்' என்று ஒரு திட்டம் எழுதியிருந்தது. மகாராஜாவின் அதிகாரத்துக்கு எல்லை போட்டு, ஜனங்களின் உரிமைகளை வரிசையாக எழுதிவைத்த பத்திரம் அது.

ராஜா சும்மா இருப்பாரா? 1946 மே மாதம் ஷேக்கைப் பிடித்து உள்ளே போட்டார் ஹரி சிங். ஆனால் வழக்கு நடத்தினார். கோர்ட்டில் நிறுத்தினார். மூன்று வருஷ தண்டனை என்று தீர்ப்பு வந்தது. 1947 செப்டம்பரில் விடுதலையும் வந்தது. அப்புறம் அதே ஷேக் காஷ்மீரின் பிரதம மந்திரி. அன்றைக்கு அங்கே முதல் மந்திரியை அப்படித்தான் அழைத்தார்கள்.

1953 ஆகஸ்டில் பதவி பறிபோய்க் கைதானார். 1958-ல் சதி வழக்கு போட்டார்கள். அது வருஷக்கணக்கில் இழுத்து, 1964-ல் வாபஸ் ஆனது. மறு வருஷம் அவர் ஹஜ் யாத்திரை போனார். வழியில் அல்ஜீரியாவில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். 1962 யுத்தத்தின் காயம் ஆறாத நேரம். பாகிஸ்தான் எல்லையில் வேறு புகைந்துகொண்டிருந்தது. டெல்லிக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. 1965 மே 8-ந் தேதி விமானத்தை விட்டு இறங்கியதும் கைது. முதலில் ஊட்டி. அப்புறம் கொடைக்கானல்.

இந்த முறை வழக்கு இல்லை. குற்றப்பத்திரிகை இல்லை. சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. எதுவும் இல்லாமல் 1968 ஜனவரி 2 வரை காவல். கடைசிப் பகுதி டெல்லியில்.

இப்போது அந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சிவாவைப் பிடித்த வெள்ளைக்காரன் விசாரித்தான். ஷேக்கைப் பிடித்த மகாராஜாவும் விசாரித்தார். ராஜாக்கள் எல்லோரும் போய், நாமே ஓட்டுப் போட்டு, நாமே சட்டம் எழுதிய பிறகு, விசாரிக்காமலே இரண்டரை வருஷத்துக்கு மேல் ஒருவரை வைத்திருக்க முடிந்தது.

இது எப்படி சாத்தியம்?

*

மறுநாள் காலை குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனேன். இலங்கை பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி லேடி ராமநாதன் 1936-ல் கட்டிய கோயில். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-ல். நமக்கு அந்த பாக்கியம் இல்லை. ஆனால் பனி விலகினால் பின்பக்கத்திலிருந்து கீழே பழனி மலைக் கோயில் தெரியும். அன்றைக்கு விலகியது. மேலே ஒரு முருகன், கீழே ஒரு முருகன், நடுவில் நான்.

நம் ஊர் ராஜாக்களும் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டு பத்திரம் எழுதியவர்கள்தான். இந்த ஊருக்கு இன்ன வரி கிடையாது, இந்த நிலத்தை இனி யாரும் திரும்ப எடுக்கக் கூடாது என்று கோயில் சுவரில் கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டி வைத்தார்கள். அடுத்து வரும் ராஜா மீறினால்? அதற்குத்தான் கடைசி வரி. 'இந்தத் தர்மத்தை அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்.' சில ராஜாக்கள் இன்னும் இறங்கி வந்து, 'இதைக் காப்பாற்றுகிறவனின் பாதம் என் தலைமேல்' என்றும் எழுதினார்கள்.

மனசைத் தொடுகிற வாசகம். ஆனால் பாவத்துக்குப் பயப்படாத ராஜா வந்தால் என்ன செய்வது? பசு மேலோகத்தில் வந்து சாட்சி சொல்லலாம். பூலோகத்தில் ஊர்க்காரன் யாரிடம் போவான்?

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இதே தலைவலி. ஜான் என்று ஒரு ராஜா. தோற்ற யுத்தங்களுக்கெல்லாம் பிரபுக்களிடம் பணம் பிடுங்கியவர். 1215 ஜூன் 15-ந் தேதி தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளியில் அவரை மடக்கி, ஒரு பத்திரத்துக்குச் சம்மதிக்க வைத்தார்கள். அதுதான் மாக்னா கார்ட்டா. பெரிய லட்சிய சாசனம் என்று நினைத்துப் படித்தால் சிரிப்பு வரும். பீர் அளக்கிற படி நாடு முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும், நதியில் மீன் பிடிக்கத் தடுப்புப் போடக் கூடாது என்றெல்லாம் ஷரத்துகள். நடுவில் 39-வது ஷரத்தாக ஒரு வைரம்: சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல், நாட்டின் சட்டம் இல்லாமல், சுதந்திர மனிதன் எவனையும் பிடிக்கக் கூடாது, அடைக்கக் கூடாது.

அவர்கள் கங்கைக்கரைப் பசுவை நம்பவில்லை. 61-வது ஷரத்தில் இருபத்தைந்து பிரபுக்களை நியமித்தார்கள். ராஜா மீறினால் அவர்கள் அவருடைய கோட்டைகளைப் பறிமுதல் செய்யலாம்!

ஜான் என்ன செய்தார்? பத்தே வாரத்தில் போப்பாண்டவரிடம் சொல்லிப் பத்திரத்தை ரத்து செய்ய வைத்தார். மறு வருஷம் செத்தும் போனார். பத்திரம் சாகவில்லை. 1216, 1217, 1225 என்று திரும்பத் திரும்ப வெளியிட வைத்தார்கள். கடன் கொடுத்தவன் மாதிரி விடாமல் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.

1679-ல் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டம் வந்தது. 'ஆளைக் கொண்டுவந்து கோர்ட்டில் நிறுத்து, எதற்காகப் பிடித்தாய் என்று சொல்' என்பதுதான் விஷயம். இந்தச் சட்டம் பாஸான விதம் பற்றி ஒரு கதை உண்டு. பிரபுக்கள் சபையில் ஓட்டு எண்ணியவர், ரொம்பக் குண்டான ஒரு பிரபுவைப் பார்த்து வேடிக்கைக்காகப் பத்துப் பேர் என்று எண்ணினாராம். எதிர்த்தரப்பில் எண்ணுகிறவர் கவனிக்கவில்லையாம். கதை நிஜமோ பொய்யோ, அந்தக் குண்டுப் பிரபு சாப்பிட்ட ஒவ்வொரு கவளமும் மனித குலத்துக்குப் பிரயோஜனப்பட்டது.

நம் அரசியல் சட்டத்தில் 21, 22-வது பிரிவுகள் இந்த வழியில் வந்தவைதான். ஆட்கொணர்வு மனு என்று பேப்பரில் படிக்கிறோமே, அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அப்படியானால் 1965-ல் கொடைக்கானலில் இந்தப் பிரிவுகள் எங்கே போயிருந்தன?

தூங்கிக்கொண்டிருந்தன. மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள். 1962 அக்டோபர் 26-ல் சீன யுத்தத்துக்காக நெருக்கடி நிலை அறிவித்தார்கள். ஒரு வாரத்தில், பாதுகாப்பு விதிகளின்படி பிடிக்கப்பட்டவர்கள் 21, 22-வது பிரிவுகளைச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று ஜனாதிபதி உத்தரவு. யுத்தம் ஒரு மாதத்தில் ஓய்ந்தது. நெருக்கடி நிலை ஓயவில்லை. 1968 ஜனவரி 10 வரை நீடித்தது! தீபாவளிக்குக் கட்டிய சீரியல் லைட்டை ஐந்து வருஷம் கழற்றாமல் விட்ட வீடு மாதிரி. அந்த விளக்கு அணைவதற்கு எட்டு நாள் முன்னால்தான் ஷேக் வெளியே வந்தார்.

முழுத் தூக்கம் என்றும் சொல்ல முடியாது. ஷேக் காவலில் இருந்த அதே 1965-ல் பாட்னாவில் ராம் மனோகர் லோகியாவைப் பிடித்தார்கள். விதியில் இருந்த வார்த்தை 'பொது ஒழுங்கு'. உத்தரவு தயார் செய்த மாவட்ட மாஜிஸ்திரேட் 'சட்டம் ஒழுங்கு' என்று எழுதிவிட்டார். இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். இல்லை என்றது உச்ச நீதிமன்றம். தெருவில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் சட்டம் ஒழுங்குப் பிரச்னை. ஊரே கலங்கினால்தான் பொது ஒழுங்கு. விதி கொடுக்காத அதிகாரத்தை எடுத்துக்கொள்ள முடியாது. செப்டம்பரில் லோகியா விடுதலை. ஃபைலில் டிராஃப்ட் எழுதும் சகோதரர்களே, ஒரு வார்த்தைதானே என்று இனிமேல் அலட்சியமாக இருக்காதீர்கள்!

*

கொடைக்கானலில் இன்னொரு பத்திரக் கதையும் உண்டு. இதில் பத்திரம் முழித்துக்கொண்டிருந்தது.

மலையில் இத்தனை மாடிதான் கட்டலாம் என்று விதி. பிளசன்ட் ஸ்டே என்ற ஓட்டலுக்கு அனுமதி கிடைத்தது இரண்டு தளத்துக்கு. எழும்பியது ஏழு. ஓட்டலுக்கு விதிவிலக்கு கொடுத்து 1994-ல் அரசாணை வந்தது. அப்போது ஜெயலலிதா முதலமைச்சர். சட்டசபையில் அசைக்க முடியாத மெஜாரிட்டி.

பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்று ஒரு அமைப்பு. மரம், மண், தண்ணீர் என்று கவலைப்படுகிற சிலர் சேர்ந்தது. அவர்களிடம் கோட்டையும் கிடையாது, இருபத்தைந்து பிரபுக்களும் கிடையாது. ஒரு ரிட் மனு இருந்தது. உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. கூடுதல் மாடிகளை இடிக்க வேண்டும் என்றது. 1995-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரசாணை போட்ட அரசு அப்போதும் பதவியில்தான் இருந்தது. அதுதான் விசேஷம்.

பிற்பாடு கிரிமினல் வழக்கும் வந்தது. 2000 பிப்ரவரி 2-ல் தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை கொடுத்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

ஆனால் முதல் தீர்ப்பு வந்த அந்த நாளை யாரால் மறக்க முடியும்? தர்மபுரி அருகே சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸுக்கு ஒரு கும்பல் தீ வைத்தது. மூன்று மாணவிகள் உள்ளேயே கருகிப் போனார்கள். கொடைக்கானலில் எத்தனை மாடி கட்டலாம் என்பதற்கும் அந்தப் பெண்களுக்கும் என்ன சம்பந்தம்? ராஜாவுக்கு எதிராகத் தீர்ப்பே வரக் கூடாது என்று நினைக்கிற மனசு ராஜாவிடம் மட்டும் இருப்பதில்லை. கீழே கொடி பிடிக்கிறவனிடமும் இருக்கிறது. 39-வது ஷரத்தை அவனுக்கும் யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

*

சாயங்காலம் கோக்கர்ஸ் வாக்கில் நடந்துகொண்டே மிச்சத்தை நினைத்துப் பார்த்தேன். 1872-ல் கோக்கர் என்ற லெப்டினன்ட் போட்ட நடைபாதை. ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அரசியல் சரித்திரம் யோசிக்கத் தகுந்த இடம்.

இந்திரா காந்தியோடு உடன்பாடு செய்துகொண்டு 1975 பிப்ரவரியில் ஷேக் அப்துல்லா மறுபடி முதலமைச்சரானார். அதே ஜூனில் நாடு முழுக்க இன்னொரு நெருக்கடி நிலை. ஆயிரக்கணக்கானவர்கள் விசாரணை இல்லாமல் உள்ளே போனார்கள். 1976 ஏப்ரலில், இப்போது ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் சொன்னார்கள். மாட்டேன் என்று தனியாக நின்றவர் எச்.ஆர். கன்னா. தலைமை நீதிபதி பதவி அவருக்கு வரவில்லை.

பட்டது போதும் என்று 1978-ல் பாராளுமன்றம் 44-வது திருத்தம் கொண்டுவந்தது. இனி எந்த நெருக்கடி நிலையிலும் 21-வது பிரிவைத் தூங்க வைக்க முடியாது.

அதே 1978-ல் ஸ்ரீநகரில் என்ன நடந்தது தெரியுமா? பொதுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. மரக்கடத்தல்காரர்களைப் பிடிக்கத்தான் என்றார்கள். விசாரணை இல்லாமல் இரண்டு வருஷம் வரை ஒருவரை உள்ளே வைக்க அதில் இடம் இருந்தது. சட்டம் கொண்டுவந்த முதலமைச்சர்?

ஷேக் அப்துல்லா.

இரண்டு வருஷம் விசாரணை இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பது இந்தியாவில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். இந்த ஏரியை, இந்தப் பனியை, வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தவர். கைதியாக இருந்தபோது மனசில் இருந்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது போலும். இவர் மட்டுமல்ல. ஜான் ராஜாவும் பத்து வாரத்தில் மறந்தவர்தானே?

பாக்கிக் கதை நம் காலத்தில் நடந்தது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் ஷேக்கின் மகன் ஃபாரூக் அப்துல்லாவை வீட்டுக்காவலில் வைத்தார்கள். அவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டது யார்? நம்ம ஊர் வைகோ. 2002-ல் பொடா சட்டத்தில் 19 மாதம் வேலூர் ஜெயிலில் இருந்தவர். செப்டம்பரில் மனு விசாரணைக்கு வந்த சமயத்தில் ஃபாரூக் மேல் முறைப்படி ஒரு சட்டம் பாய்ந்தது. அப்பா கொண்டுவந்த அதே 1978 சட்டம்! மனு மேற்கொண்டு நடக்கவில்லை. 2020 பிப்ரவரியில் பேரன் உமர் அப்துல்லா மேலும் அதே சட்டம். இருவரும் வெளியே வந்தது 2020 மார்ச்சில்.

தாத்தா போட்ட பூட்டு. மகனுக்கும் பேரனுக்கும் சரியாகப் பொருந்தியது.

பூட்டு செய்கிறபோது எல்லோருக்கும் எதிராளியின் முகம்தான் கண்ணில் தெரிகிறது. அதனால்தான் நல்ல ராஜா கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டுப் பத்திரத்தைப் பரணில் போட்டுவிடக் கூடாது.

*

இறங்குகிற அன்று காலை அதே டாக்ஸி தம்பி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். கையில் யூகலிப்டஸ் தைலப் புட்டி, வீட்டுச் சாக்லேட் பொட்டலம் என்று நானும் முழு டூரிஸ்ட் ஆகியிருந்தேன்.

"காஷ்மீர்க்காரர் வீடு பாத்தீங்களா சார்?" என்றார். மறக்கவில்லை!

"அவரைப் பத்தி யோசிச்சுட்டே சுத்தினேன் தம்பி."

"எத்தன வருசம் சார் இங்க வச்சிருந்தாங்க?"

"இங்கயும் டெல்லியிலயுமா ரெண்டரை வருஷத்துக்கு மேல."

"அப்படி என்ன தப்பு சார் பண்ணாரு?"

"என்னென்னவோ சொன்னாங்க. கோர்ட்ல யாரும் சொல்லல. கேஸே கிடையாது."

தம்பி என் பையை பஸ்ஸுக்குள் தூக்கி வைத்தார். அப்புறம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கேஸே போடாம ஒரு ஆள எப்படி சார் உள்ள வைக்க முடியும்?"

ரன்னிமீட் புல்வெளியில் 1215-ல் கேட்ட கேள்வி. அதையே இவர் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்கிறார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கேட்டுட்டே இருங்க தம்பி" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை நோக்கி ஓடினார். "பன்னெண்டு எடம் சார்..." என்று குரல் கேட்டது. கடைசியில், என் காதில் விழுந்தது சரியாக இருந்தால், "பதிமூணு எடம் சார்" என்று திருத்திக்கொண்டார்.